பிள்ளைபிடிப்பவனைச் சரியாக வரையுங்கள்!

ஆள் கடத்தல் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண் முன் தோன்றும் உருவம் எது? தோளில் ஒரு சாக்குப்பை, முறுக்கிய மீசை, சிவந்த விழிகள். அந்திக் கருக்கலில் தெருமுனையில் நிற்பான். தனியே வரும் பிள்ளையின் வாயைப் பொத்தித் தூக்கிச் செல்வான். பாட்டிமார் சோறூட்டும்போது சொல்லி அச்சுறுத்திய பிள்ளைபிடிப்பவன் அவன். தலைமுறை தலைமுறையாக நம் பிள்ளைகள் அவனுக்கு அஞ்சியே வளர்ந்தனர். ஆனால் மனிதரை விற்றுப் பிழைத்தவர்களின் வரலாற்றை எடுத்துப் பார்ப்போமானால், சாக்குப்பை தூக்கியவர்களைவிடச் சலாம் சொல்லித் திண்ணையில் அமர்ந்து தேநீர் அருந்தியவர்களே அதிகம் என்பது தெரியவரும்.

இதை இப்போது சொல்ல வேண்டிய தேவை என்ன? ஆள் கடத்தலைப் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்க அசைவூட்டப் படங்களைப் பயன்படுத்தலாம் என்னும் எண்ணம் உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. கார்ட்டூன் என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்களே, அந்தப் படங்கள்தாம். இதைக் கேட்டதும் நம்மவரில் ஒரு சாரார் சிரிக்கின்றனர், "இவ்வளவு பெரிய கொடுமைக்குப் பொம்மைப் படமா மருந்து?" என்கின்றனர். மற்றொரு சாரார் முகம் சுளிக்கின்றனர், "மார்க்கத்துக்கு உகந்ததா?" என்று கேட்கின்றனர். இவ்விரு சாராரோடும் நமக்கு வழக்கு உண்டு. இத்தகைய படங்களை எடுப்போரோடும் நமக்கு வழக்கு உண்டு. அவ்வழக்கை வாசகப் பெருமக்கள் முன் வைக்கின்றோம்.

இந்தக் கரையின் பழைய கணக்கு

காரைக்காலுக்கு வடக்கே, தரங்கம்பாடியை நோக்கிச் செல்லும் கடற்கரையில் மண்டபத்தூர் என்றொரு மீனவர் ஊர் இருக்கிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய ஊர்களுள் அதுவும் ஒன்று. அதற்கு வடக்கே, 1620 முதல் 1845 வரை டேனியர் கோட்டை கட்டி வாணிகம் செய்த தரங்கம்பாடி. தெற்கே, 1739இல் பிரெஞ்சுக்காரர் கால் பதித்த காரைக்கால். அதற்கும் தெற்கே, 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து டச்சுக்காரர் பறித்துக்கொண்ட நாகப்பட்டினம். மிளகும் துணியும் ஏற்றிய இந்தத் துறைகளிலிருந்து மனிதரும் ஏற்றப்பட்டனர் என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

1659 முதல் 1661 வரை தஞ்சைச் சீமை படையெடுப்பாலும் பஞ்சத்தாலும் நிலைகுலைந்தது. அந்நாளில் டச்சுக் கும்பினி இக்கரையிலிருந்து 8,000 முதல் 10,000 பேர் வரை அடிமைகளாகக் கொண்டு சென்று இலங்கையிலும் பத்தாவியாவிலும் மலாக்காவிலும் இறக்கியதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகின்றனர். பசி தாளாமல் தம்மையே விற்றுக்கொண்டவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். வாங்கியவன் கடல் கடந்து வந்தவன். இடையில் நின்று விலை பேசியவனோ நம் மொழி பேசியவன்.

பிரெஞ்சு அரசு 1848இல் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! காரைக்காலிலும் புதுச்சேரியிலும் ஆள் சேர்ப்பு பெருகிற்று. 1853ஆம் ஆண்டு மே 6ஆம் நாள் 'ஓரேலி' என்னும் கப்பல் நம் மக்களை ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவில் கரை சேர்ந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே கப்பல் குவாதலூப் தீவுக்கும் ஆள் ஏற்றிச் சென்றது. 1880களில் அப்பயணங்கள் நிற்பதற்குள் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும் குவாதலூப்புக்கு 42,000 பேரளவிலும் சென்றுவிட்டனர். ரெயூனியன் தீவுக்குச் சென்றோர் இக்கணக்கில் சேராதவர். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்றார்கள், கைநாட்டு வாங்கினார்கள், முன்பணம் கொடுத்தார்கள். தஞ்சை மாவட்டத்து ஊர்களில் ஆட்களை ஏமாற்றி எல்லை தாண்டிக் காரைக்காலுக்குக் கொண்டு போகின்றனர் என்று பிரிட்டிஷ் அதிகாரிகளே முறையிட்டனர். அந்த வேலையைச் செய்தவன் மேஸ்திரி. அவன் சாக்குப்பை கொண்டு வரவில்லை. சம்பளக் கதை கொண்டு வந்தான்.

நூற்றாண்டுகள் கடந்தும் ஆயுதங்கள் மூன்றே: குடும்பத்தின் தேவை, தெரிந்த நாவின் இனிய சொல், திருப்பிக் கொடுக்க முடியாத கடன். இம்மூன்றையும் காட்டாத எந்தப் படமும் ஆள் கடத்தலைக் காட்டிய படமாகாது.

இன்றைய மேஸ்திரி

ஐக்கிய நாடுகள் அவை 2000ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட பாலெர்மோ நெறிமுறை ஆள் கடத்தலுக்கு மூன்று இலக்கணங்களைக் கூறுகிறது. ஆளைச் சேர்ப்பது, கொண்டு செல்வது, ஒளித்து வைப்பது போன்ற செயல் ஒன்று. அதற்கு வன்முறையோ மிரட்டலோ வஞ்சகமோ பிறர் இயலாமையைப் பயன்படுத்துவதோ வழியாதல் இரண்டு. சுரண்டுவது நோக்கமாதல் மூன்று. இவ்வழிகள் கையாளப்பட்டிருந்தால், "அவனே ஒப்புக்கொண்டுதானே வந்தான்" என்று சொல்லித் தப்ப முடியாது. பதினெட்டு வயது நிரம்பாதவரிடம் எந்த வழி கையாளப்பட்டது என்று கேட்கவும் வேண்டியதில்லை. இந்தியா இந்நெறிமுறையை 2011இல் ஏற்றது. 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவு இதற்கேற்பத் திருத்தப்பட்டது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 143ஆம் பிரிவாக நிற்கிறது.

சட்டம் இவ்வாறு தெளிவாக இருக்க, மக்கள் மனத்திலோ இன்னும் சாக்குப்பைக்காரனே குடியிருக்கிறான். அதனால் என்ன கேடு விளைகிறது? 2022ஆம் ஆண்டைப் பாருங்கள். தாய்லாந்தில் கணினி வேலை, கைநிறையச் சம்பளம் என்று விளம்பரம் வந்தது. பட்டம் பெற்ற இளைஞர்கள், ஆங்கிலம் அறிந்தவர்கள், விமானம் ஏறினார்கள். தாய்லாந்தின் மே சோட் எல்லையில் ஆற்றைக் கடத்தி மியன்மாரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அங்கே காவலுக்குள் அடைத்து, இணையத்தின் வழியே பிறரை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையைச் செய்யப் பணித்தனர், மறுத்தவர் அடிக்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்திறங்கியவர்களில் தமிழர் 13 பேர். 2025 மார்ச் மாதத்தில் இரண்டே நாட்களில் 549 இந்தியர் விமானப்படை விமானங்களில் அங்கிருந்து மீட்டு வரப்பட்டனர். மியன்மாரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் ஏறத்தாழ 1,00,000 பேரும் இவ்வாறு சிக்கியிருக்கக்கூடும் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023இல் மதிப்பிட்டது. படிக்காதவர்தாம் ஏமாறுவார் என்னும் இறுமாப்பு இதற்குப் பின்னும் நிற்குமா?

நம் குடும்பங்களோ கடல் கடந்த சம்பாத்தியத்தில் தலைமுறைகளாக வாழ்பவை. ரங்கூன், சைகோன், பினாங்கு, சிங்கப்பூர், பிறகு வளைகுடா என்று சபுராளிகள் சென்ற திசை மாறியதேயன்றிச் சபுர் நிற்கவில்லை. குமர் காரியத்துக்குப் பணம் வேண்டும். வீட்டின் கூரை மாற வேண்டும். தம்பி படிக்க வேண்டும். மண்டபத்தூர் மீனவக் குடும்பத்துக்கும் இதே தேவைகள்தாம். கடல் பொய்த்தால் அந்த வீட்டுப் பிள்ளையும் வெளிநாட்டு வேலையைத் தேடத்தான் செய்வான். இரண்டு வீட்டுக்கும் ஒரே ஏஜெண்டே வரக்கூடும்.

1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாத எவரும் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கக் கூடாது. சான்றிதழ் பெற்றவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும் தவிர எதுவும் வாங்கக் கூடாது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியேற்ற அனுமதி பெற வேண்டும். அவ்வனுமதி தேவைப்படும் பெண்கள் அந்நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் செல்ல முப்பது வயது நிரம்பியிருக்க வேண்டும். தமிழக அரசே அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை 1978 முதல் நடத்தி வருகிறது. இவற்றையெல்லாம் நம் வீடுகளில் எத்தனை பேர் அறிவர்? சுற்றுலா விசாவில் போய் இறங்கி, பிறகு வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னால், அந்தச் சொல்லிலேயே பொறி இருக்கிறது என்று எத்தனை உம்மாமார் கண்டுகொள்வர்?

ஏன் அசைவூட்டப் படம்?

அறிவிப்புப் பலகை இருக்கிறதே, துண்டுப் பிரசுரம் இருக்கிறதே, ஜும்ஆ மேடை இருக்கிறதே, படம் எதற்கு என்பர் சிலர். அவையெல்லாம் வேண்டியவையே. ஆயினும் அசைவூட்டப் படம் செய்யக்கூடிய மூன்று காரியங்களை அவை செய்ய இயலா.

முதலாவது, அது முகத்தை மறைத்துக்கொண்டு உண்மையைச் சொல்லும். பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் அடையாளத்தையும் குழந்தைகளின் அடையாளத்தையும் வெளியிடுவதை நம் சட்டம் தடுக்கிறது. சட்டம் தடுக்காவிட்டாலும் நம் தெரு விடாது. மீண்டு வந்தவளைப் பார்வையாலேயே மறுபடியும் விற்றுவிடும். சித்திரமோ அவளுடைய குரலை மட்டும் வாங்கிக்கொண்டு வேறொரு முகத்தை அவளுக்குக் கடன் கொடுக்கும். 2021இல் டென்மார்க்கில் வெளியான 'ஃப்ளீ' என்னும் படம் இதற்குச் சான்று. ஆப்கானிஸ்தானத்தை விட்டுச் சிறுவயதில் ஓடிய ஒருவர், பணத்துக்கு எல்லை கடத்தும் கூட்டத்தின் கையில் பட்ட பாட்டைத் தம் நண்பரான இயக்குநரிடம் சொல்கிறார். பெயர் மாற்றப்பட்டது, முகம் சித்திரமாயிற்று. தன் குடும்பத்தார் அனைவரும் இறந்துவிட்டனர் என்று சொல்லும்படி கடத்தியவர்கள் கற்பித்த பொய்யைச் சுமந்துகொண்டு அவர் பல ஆண்டுகள் வாய்மூடிக் கிடந்தார். ஒளிப்படக் கருவியின் முன் வராத அந்த உண்மை சித்திரத்தின் பின்னிருந்து வந்தது. 2022இல் அப்படம் ஆஸ்கார் விருதுக்கு மூன்று பிரிவுகளில் முன்மொழியப்பட்டது. எல்லை கடத்தல் வேறு, ஆள் கடத்தல் வேறு என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். முன்னது எல்லை தாண்டியதும் முடியும். பின்னது அங்கேதான் தொடங்கும். ஆனால் முன்னதை நம்பிப் போனவன் பின்னதில் விழுவது எளிது.

இரண்டாவது, ஒளிப்படக் கருவி நுழைய முடியாத இடத்தில் தூரிகை நுழையும். மியாவடியின் மதிலுக்குள் எந்தப் படப்பிடிப்புக் குழு போகும்? பூட்டிய வீட்டுச் சமையலறைக்குள் யார் விளக்கேற்றுவர்? எழுத்திலே வெறும் எண்ணாக இருக்கும் கடனை, நாளுக்கு நாள் பருத்து வாசலை அடைக்கும் ஒரு மூட்டையாகச் சித்திரம் வரைந்து காட்டும். கணக்குத் தெரியாத பாட்டிக்கும் அது விளங்கும்.

மூன்றாவது, எழுத்தறியாதவரையும் சிறு பிள்ளையையும் அது ஒரே பாயில் அமர்த்தும். இது மேலைநாட்டார் கொண்டுவந்த புதுமை என்று எண்ண வேண்டியதில்லை. விளக்கொளியில் தோற்பாவையை ஆட்டித் திரையில் கதை நடத்திய மண் தஞ்சை மண். நம் நாட்டிலேயே ஃபிலிம்ஸ் டிவிஷன் 1956இல் கார்ட்டூன் பிரிவு ஒன்றைத் தொடங்கிற்று. அங்கே தொழில் கற்ற ராம் மோகன் பிற்காலத்தில் யூனிசெஃப் நிறுவனத்துக்காக 'மீனா' என்ற சிறுமியை வரைந்தார். 1990களில் வங்கதேசம், பாகிஸ்தான், இந்தியா, நேபாளம் ஆகிய நாடுகளில் அவள் வீடுதோறும் புகுந்தாள். அவளுக்கு எந்த முகம் பொருந்தும், எந்த உடை பொருந்தும் என்று இந்நாடுகளின் சிற்றூர் மக்களிடமே கேட்டு அறிந்த பிறகே அவள் உருவம் முடிவாயிற்று. தம்பிக்குப் பெரிய துண்டும் தனக்குச் சிறிய துண்டுமாக மாம்பழம் பங்கிடப்படுவது ஏன் என்று அவள் கேட்ட கேள்வி, எத்தனையோ மேடைப் பேச்சுகள் தொடாத அடுப்படியைத் தொட்டது.

மறுப்போருக்கு மறுமொழி

உருவப்படம் பற்றி மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்த்து வைப்பது நம் வேலையன்று. நபிமார்களையோ நபித்தோழர்களையோ வரைய வேண்டுமென்று இங்கே யாரும் கேட்கவுமில்லை. அன்னை ஆயிஷா நாயகியார் (ரலி) இளவயதில் பொம்மைகளை வைத்து விளையாடியதையும், அண்ணல் நபிகளார் (ஸல்) அதைத் தடுக்கவில்லை என்பதையும் ஆலிம்கள் நமக்கு எடுத்துச் சொல்லியிருக்கின்றனர். மலேசியாவில் 2007ஆம் ஆண்டு ரமலான் மாதத்தில், நோன்பின் மாண்பைப் பிள்ளைகளுக்கு உணர்த்துவதற்கென்றே 'உப்பின் இப்பின்' என்னும் அசைவூட்டத் தொடர் தொடங்கப்பட்டது. பெற்றோரை இழந்த இரட்டைச் சிறுவர்களின் கதை அது. அந்நாட்டு முஸ்லிம் வீடுகள் அதைச் சீராட்டி வளர்த்தன. இவையெல்லாம் போகட்டும். அஸர் முதல் இஷா வரை தொலைக்காட்சித் தொடரும், அதன்பின் தூங்கும் வரை கைப்பேசிப் படமும் ஓடும் வீட்டில் எழாத மார்க்க ஐயம், பிள்ளையைக் காக்கும் ஐந்து நிமிடப் படத்துக்கு மட்டும் எழுவது ஏன்?

"ஊர் மானம் போகும்" என்பது அடுத்த மறுப்பு. மானம் எங்கே போகிறது? விற்கப்பட்டவனிடத்திலா, விற்றவனிடத்திலா? ஏமாந்து திரும்பிய பிள்ளையின் வீட்டில் பேச்சு அடங்கிப் போகிறது; அனுப்பி வைத்தவனோ அடுத்த நிக்காஹ் பந்தியில் முதல் வரிசையில் அமர்கிறான். மூடி மறைக்கும் மௌனம் யாருக்குக் காவலாக நிற்கிறது என்று பெரியோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"இப்படிப் படம் காட்டினால் யாரும் சபுர் போக மாட்டார்கள்; பிழைப்புக் கெடும்" என்பது மூன்றாவது மறுப்பு. இதில் ஓரளவு நியாயம் உண்டு. அச்சுறுத்திப் பிழைப்பைக் கெடுக்கும் படம் நமக்கு வேண்டா. வெளிநாடே நரகம் என்று காட்டும் படத்தை நம் மக்கள் நம்பவும் மாட்டார்கள். அவர்களுடைய வாப்பாவும் மாமாவும் அங்கே உழைத்து நல்லபடியாகத் திரும்பியவர்கள்தாமே! போகாதே என்று சொல்வது எளிது. போகும் வழியறிந்து போ என்று சொல்வதே பயன் தருவது.

படம் எடுப்போருக்கு ஒரு சொல்

இனி நம் வழக்கு மறுபக்கம் திரும்புகிறது. ஆள் கடத்தலை ஒழிக்கப் புறப்பட்ட படங்களில் பலவும் எதைக் காட்டுகின்றன? இருண்ட சந்து, சங்கிலி பூட்டிய கை, கண்ணீர் வழியும் பெண் முகம், இறுதியில் கதவை உடைத்து நுழையும் வீரன். இவற்றைப் பார்க்கும் நம் பெண், "என் கையில் சங்கிலி இல்லையே, என்னை அழைத்துப் போகிறவர் மாமா முறை ஆயிற்றே" என்று ஆறுதல் அடைகிறாள். எச்சரிக்க வந்த படம் பொய்யான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. உலகத் தொழிலாளர் அமைப்பும் அதனோடு சேர்ந்த நிறுவனங்களும் 2022இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி 2021இல் 2 கோடியே 76 லட்சம் பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்தனர். அத்தனை பேர் கையிலும் சங்கிலி பூட்ட இரும்பு போதுமா? அவர்களைப் பூட்டி வைப்பது பெரும்பாலும் கடனும், கொடுபடாத சம்பளமும், பறித்து வைத்த கடவுச்சீட்டும்தாம்.

சரியாகச் செய்த படமும் நம் நாட்டில் உண்டு. சைல்ட்லைன் அமைப்புக்காக எடுக்கப்பட்ட 'கோமல்' என்னும் அசைவூட்டப் படம் சிறார் மீதான பாலியல் கொடுமையைப் பற்றியது. 62ஆவது தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த கல்விப் படத்துக்கான விருதை அது இன்னொரு படத்தோடு பகிர்ந்துகொண்டது. அதன் சிறப்பு எங்கே இருக்கிறது? கொடுமை செய்பவன் இருட்டிலிருந்து வரவில்லை; அவன் தந்தையின் நண்பன்; அந்த வீட்டில் உரிமையோடு வந்து போகிறவன். சிரித்த முகமும் கெட்டவனின் முகமாக இருக்கலாம் என்பதைப் பிள்ளை கலங்காமல் புரிந்துகொள்ளும்படி அப்படம் சொல்கிறது. 1098 என்னும் உதவி எண்ணையும் அது மனத்தில் பதிய வைக்கிறது. ஆள் கடத்தல் பற்றிய படத்துக்கும் இந்தத் துணிவு வேண்டும்.

ஆகவே, நம் கரைக்கென்று ஒரு படம் எடுக்கப்படுமானால் அது இப்படி இருக்கட்டும். ஏஜெண்ட் வெள்ளைச் சட்டையோடு வரட்டும். ஊர்ப் பெரியவர்களின் பெயரைச் சொல்லட்டும். உம்மா அவனுக்குத் தேநீர் கொண்டு வரட்டும். அடகுக் கடைக்குப் போகும் வளையலைக் காட்டுங்கள். ஒரு வேலைக்குக் கையெழுத்து வாங்கி வேறொரு வேலையில் நிறுத்துவதைக் காட்டுங்கள். தொலைபேசியில் "நல்லா இருக்கேன் உம்மா" என்று சொல்லும் குரலுக்குப் பின்னால் நிற்கும் காவலாளைக் காட்டுங்கள். பேச்சு நம் கரையின் பேச்சாக இருக்கட்டும். சென்னையிலிருந்து வந்த செய்தி வாசிப்பாக வேண்டா. மீனவ வீட்டுப் பிள்ளையும் அதில் இருக்கட்டும், மரைக்காயர் வீட்டுப் பிள்ளையும் இருக்கட்டும். தாடியும் தொப்பியும் வைத்தவனைக் காட்டிவிட்டால் வில்லனை வரைந்த வேலை முடிந்தது என்று எண்ணும் சோம்பல் தூரிகையும் நமக்கு வேண்டா. ஏஜெண்ட் எந்த மதத்துக்கும் சொந்தக்காரன் அல்லன். எந்த மதத்து வீட்டிலும் அவனுக்குத் திண்ணை கிடைக்கிறது.

திரை அணைந்த பிறகு

இவ்வளவும் சொன்ன பிறகு மற்றோர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். விழிப்புணர்வு என்ற சொல் இக்காலத்தில் பலருக்கு வசதியான போர்வையாகிவிட்டது. படத்தைக் காட்டிவிட்டோம், இனி ஏமாந்தால் அவன் குற்றம் என்று கை கழுவ அரசுக்கும் அலுவலருக்கும் அது இடம் கொடுக்கும். சான்றிதழ் இல்லாதவன் ஆள் சேர்ப்பதைத் தடுப்பது காவல்துறையின் கடமை. ஐந்து நிமிடப் படம் அந்தக் கடமையை ஏற்றுக்கொள்ள முடியாது. காரைக்கால் புதுச்சேரி ஆட்சியைச் சேர்ந்தது; அதைச் சூழ்ந்த மயிலாடுதுறையும் நாகப்பட்டினமும் தமிழகத்தைச் சேர்ந்தவை. சாலையில் சற்று நடந்தால் ஆட்சி மாறும். பிரெஞ்சு, பிரிட்டிஷ் எல்லையைப் பழைய மேஸ்திரி தனக்குச் சாதகமாக்கிக்கொண்டான். "எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்ற பதிலை இன்றைய மேஸ்திரிக்கும் அரணாக்கிவிடாமல் இரண்டு அரசுகளும் கைகோத்து நிற்க வேண்டும்.

நம் ஜமாஅத்துகளுக்கும் மீனவர் பஞ்சாயத்துகளுக்கும் வேலை இருக்கிறது. படம் முடிந்து விளக்குப் போட்டவுடன் ஒரு தாய் எழுந்து, "என் மகனை அனுப்பச் சொல்கிறவனைப் பற்றி யாரிடம் விசாரிப்பது?" என்று கேட்டால், பதில் சொல்ல ஆள் வேண்டாமா? மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பள்ளிவாசலுக்கு ஒரு படித்த இளைஞர், மீனவர் ஊருக்கு ஒரு படித்த இளைஞர் என்று அமர்த்தி, அந்தப் பட்டியலைப் பார்த்துச் சொல்லவும், ஒப்பந்தத்தைத் தமிழில் படித்துக் காட்டவும், கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது கேட்கவும் செய்தால் எவ்வளவு நன்மை! 2004இல் அலை ஓய்ந்த சில நாட்களிலேயே, அநாதைப் பிள்ளைகளை உறவினர் என்று சொல்லி எவரேனும் அழைத்துச் சென்றுவிடுவரோ என்ற அச்சம் இக்கரை முழுதும் எழுந்தது நினைவிருக்கும். அந்த நாட்களில் காட்டிய விழிப்பை ஏனைய நாட்களில் நாம் ஏன் உறங்கவிட வேண்டும்?

செலவைப் பற்றியும் பேசிவிடுவோம். திரைப்படத்துக்கு விநாடிக்கு 24 சட்டங்கள். ஐந்து நிமிடத்துக்கு 7,200. ஒரு சித்திரத்தை இரு சட்டங்களுக்கு நிறுத்தும் வழக்கப்படி பார்த்தாலும் 3,600 சித்திரங்கள் வேண்டும். கணினி இவ்வுழைப்பைக் குறைத்திருக்கிறது, ஒழித்துவிடவில்லை. பணம் வேண்டும்தான். ஆனால் ஒரே இரவில் வாடிப் போகும் மலருக்கும் மின்விளக்குத் தோரணத்துக்கும் நம் கல்யாண மண்டபங்களில் ஆகும் செலவை அறியாதவர் யார்? வசதி படைத்த நான்கு குடும்பங்கள் ஒன்று கூடினால், நம் கரையின் பேச்சிலேயே ஒரு படம் பிறந்துவிடும். மண்டபத்தூர்ச் சமுதாயக் கூடத்திலும் காரைக்கால் மதரஸாவிலும் அதே படம் ஓடட்டும்.

நம் பிள்ளைகளுக்கு இக்கதை புதியதன்று. உடன்பிறந்தோரே கிணற்றில் தள்ள, வழிப்போக்கர் எடுத்துச் சென்று அற்ப விலைக்கு விற்ற யூசுஃப் நபியின் (அலை) வரலாற்றைத் திருமறை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறது. அங்கேயும் வஞ்சகம் வெளியிலிருந்து வரவில்லை. மறுமை நாளில் மூவருக்கு எதிராகத் தானே வழக்காடப் போவதாக இறைவன் கூறுவதாக நபிமொழி உண்டு: அவன் பெயரால் வாக்களித்து மோசடி செய்தவன், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைத் தின்றவன், உழைப்பை முழுதும் வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவன். இம்மூன்றையும் ஒருவனே செய்வானாயின், அவனுக்குப் பெயர்தான் ஆள் கடத்துபவன். வாக்களிப்பான், விற்பான், கூலியை விழுங்குவான்.

அவன் முகத்தை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். ஓவியர்களே, அவனுடைய மீசையையும் சாக்குப்பையையும் அழித்துவிட்டு, அவன் சிரிப்பை வரையுங்கள். ஜமாஅத் பெரியோர்களே, அப்படத்தைக் காட்ட ஒரு சுவரையும், அடுத்த நாள் காலையில் வந்து கேட்பவருக்குப் பதில் சொல்ல ஓர் ஆளையும் கொடுங்கள். இவ்விரண்டும் கூடாதவரை, அவன் நம் திண்ணையைவிட்டு எழுந்து போகமாட்டான்.